எடைக்குறைப்பு அறுவை: டாக்டரைப் பார்க்கும் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். குடல்வால், பித்தப்பை, மூட்டு மாற்று என்று எல்லா ஃபைலும் என் மேசை வழியாகத்தான் போகும். அதில் அதிகம் திரும்பி வருவது எடைக்குறைப்பு அறுவை ஃபைல்தான். டாக்டர் ரெடி, நோயாளி ரெடி, இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் "கூடுதல் விவரம் தேவை" என்று எழுதி அனுப்பும். ரெண்டு தடவை அப்படி வந்ததும் சிலர் சோர்ந்துபோய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் சில வருஷம் கழித்து, சர்க்கரையும் முழங்கால் வலியும் இன்னும் கொஞ்சம் கூடி, அதே கவுன்ட்டருக்கு வருவார்கள்.

நான் டாக்டர் இல்லை. யாருக்கு எந்த ஆபரேஷன் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ஃபைல் எங்கே இடறுகிறது என்று தெரியும். அறுவை முடிந்தவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதும் ஓரளவு தெரியும். என் கொழுந்தனுக்கு ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் எடைக்குறைப்பு அறுவை) ஆகியிருக்கிறது, பக்கத்து அறையில் இருக்கும் டயட்டீஷியனோடுதான் தினமும் மதியச் சாப்பாடு.

பாலிசிப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி

எந்தக் கம்பெனி பாலிசியாக இருந்தாலும் "விலக்குகள்" பகுதியைத் திறந்து கோட் 06 என்று தேடுங்கள். உடல்பருமன், எடைக் கட்டுப்பாடு என்று தலைப்பு இருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. அதன்படி நான்கு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேறினால்தான் அறுவைக்குப் பணம். டாக்டர் ஆலோசனையின் பேரில் நடக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்ட சிகிச்சையாக இருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். நான்காவதுதான் தலைவலி: பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே ஒரு தீவிரமான துணை நோயும் இருந்து, அறுவை அல்லாத வழிகளில் முயன்று பலன் கிடைக்காமல் போயிருக்க வேண்டும்.

துணை நோய் என்றால் எதையும் எழுதிவிட முடியாது. பட்டியலில் நான்குதான் உண்டு: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை. ரத்த அழுத்தம் இல்லை. முழங்கால் தேய்மானம் இல்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இல்லை, குழந்தையின்மை இல்லை, ஃபேட்டி லிவரும் இல்லை. எங்கள் டெஸ்க்குக்கு வருகிற பெண்களில் பலர் வருவதே முட்டி வலிக்காகவும் பிசிஓடிக்காகவும்தான். "இவ்வளவு மாத்திரை சாப்பிடுறேனே மேடம், இது நோய் இல்லையா?" என்று கேட்பார்கள். நோய்தான், பட்டியலில் இல்லாத நோய்.

டாக்டர்கள் கையில் இருக்கும் அளவுகோல் வேறு. 40, 35 என்ற எண்கள் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1991ல் சொன்னவை. 2022ல் அமெரிக்காவின் எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமும் அதன் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அதை மாற்றிவிட்டன. பிஎம்ஐ 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம், ஆசிய இனத்தவருக்கு 27.5லிருந்தே பரிசீலிக்கலாம் என்றன. நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதும் சர்க்கரை வருவதும் குறைந்த எடையிலேயே நடப்பதால் அந்தத் தனிக் கணக்கு. ஆக பிஎம்ஐ 36 உள்ள ஒருவரிடம் டாக்டர் "செய்துகொள்ளுங்கள்" என்பார், கம்பெனி "முடியாது" என்னும். ரெண்டு பேர் மேலும் கோபப்பட்டுப் பயனில்லை. உங்கள் எண் எந்தப் பக்கம் விழுகிறது என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம்.

அடுத்து காத்திருப்புக் காலம். பல பாலிசிகளில் இந்த அறுவை தனிப் பட்டியலில் இருக்கும். பாலிசி எடுத்து ரெண்டு வருஷம், மூன்று வருஷம் போன பிறகுதான் கிடைக்கும். 2024 ஏப்ரலிலிருந்து இந்தக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. சில பாலிசிகளில் இதற்கென்று தனித் தொகை வரம்பும் உண்டு; பத்து லட்சம் பாலிசி வைத்திருப்பவருக்கு ரெண்டரை லட்சம்தான் என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஆபீஸ் குரூப் பாலிசிக்குப் பெரும்பாலும் காத்திருப்பு கிடையாது. வேலை மாறப் போகிறவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் அந்தப் பாலிசியை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்ட் "எடையை 85னு போட்டுக்கலாம் சார், அப்பத்தான் பாஸ் ஆகும்" என்பார். கேட்காதீர்கள். உண்மை எடையைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், சில கம்பெனிகள் மறுக்கவும் செய்யலாம். ஆனால் பொய் எடையோடு எடுத்த பாலிசியில் எடைக்குறைப்பு அறுவைக்கு க்ளெய்ம் போட்டால், தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. அறுவைக்கு மட்டும் இல்லை, அடுத்து வரும் நெஞ்சு வலிக்கும் அந்தப் பாலிசி நிற்காது.

உயரத்தை ஒழுங்காக அளக்கச் சொல்லுங்கள்

எல்லோரும் எடையைப் பற்றியே பேசுவார்கள். ஃபைலைக் கவிழ்ப்பது உயரம். பிஎம்ஐ என்பது கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது. வர்க்கம் என்பதால் உயரத்தில் ரெண்டு மூன்று சென்டிமீட்டர் மாறினாலும் கணக்கு எங்கேயோ போய்விடும்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு எடை சரியாக 100 கிலோ. சர்ஜன் அறையில் வெறுங்காலில் நிற்க வைத்து அளந்தது 158 சென்டிமீட்டர், பிஎம்ஐ 40.1. மயக்க மருந்து டாக்டரின் சீட்டில் 161. செருப்போடு நின்றிருக்கிறார், நர்ஸ் அப்படியே எழுதிவிட்டார். அந்தக் கணக்கில் பிஎம்ஐ 38.6. ரெண்டு தாளும் ஒரே ஃபைலில் போனது. கம்பெனி ரெண்டாவதை எடுத்துக்கொண்டு, துணை நோய் எது என்று கேட்டு எழுதியது. அந்த அம்மாவுக்கு இருந்தது ரத்த அழுத்தமும் முட்டி வலியும். மறுபடி அழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, கொண்டையை அவிழ்க்கச் சொல்லி, சுவர் அளவுகோலில் நிற்க வைத்து, டாக்டர் கையெழுத்தோடு புதுத் தாள் போட்டு அனுப்பிய பிறகுதான் அனுமதி வந்தது. கொண்டை முக்கியம். மல்லிகைப்பூ வைத்த கொண்டையே ரெண்டு சென்டிமீட்டர் வரும்.

அதனால் ஒவ்வொரு அறையிலும் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பாருங்கள். ஓபி சீட்டு, ஈசிஜி தாள், எக்கோ ரிப்போர்ட், டயட்டீஷியன் தாள் எல்லாவற்றிலும் ஒரே உயரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள். கூச்சப்பட வேண்டாம், உங்கள் ஃபைல்.

"முயன்றும் குறையவில்லை" என்பதற்குத் தாள் வேண்டும்

பிஎம்ஐ 35க்கும் 40க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தடை. பத்து வருஷமாகப் பட்டினி கிடந்திருப்பார், ஜிம்முக்குப் பணம் கட்டியிருப்பார், கொள்ளுக்கஞ்சியிலிருந்து கீட்டோ வரை பார்த்திருப்பார். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நம் ஊர் கிளினிக்குகளில் எடை பார்ப்பார்கள், எழுத மாட்டார்கள். "கொஞ்சம் வெயிட் கொறைங்கம்மா" என்று வாயால் சொன்னது ஆதாரம் ஆகாது.

அறுவையைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்றால், இன்றிலிருந்தே தாள் சேருங்கள். ஒரே பொது மருத்துவரிடமோ சர்க்கரை டாக்டரிடமோ மாதம் ஒரு முறை போய், எடையைச் சீட்டில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். டயட்டீஷியனைப் பார்த்தால் உணவுத் திட்டத்தின் நகலும் அடுத்த தடவை வந்தபோது இருந்த எடையும் வேண்டும். எடைக்கான ஊசியோ மாத்திரையோ எடுத்திருந்தால் மருந்துச் சீட்டு, கடை பில், ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் எழுதிய ஒரு வரி. ஆறு மாதத் தாள் இருந்தாலே ஃபைலுக்கு முதுகெலும்பு வந்துவிடும். ஜிம் ரசீதையும் வைத்திருங்கள். அது தனியாக நிற்காது, மற்றதோடு சேர்ந்தால் உதவும்.

துணை நோய்க்கும் இதே கதைதான். "குறட்டை அதிகம்" என்று எழுதினால் போதாது. ஸ்லீப் ஸ்டடி செய்து, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண் வர வேண்டும். 30ம் அதற்கு மேலும் வந்தால் தீவிரம் என்று கணக்கு. சர்க்கரை என்றால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) ரிப்போர்ட் ஒன்று மட்டும் வைக்காதீர்கள். சில மாத இடைவெளியில் எடுத்த ரெண்டு மூன்று ரிப்போர்ட்டும், அந்தக் காலத்தில் என்னென்ன மருந்து ஓடியது என்ற சீட்டும் சேர்ந்தால்தான் "மருந்து எடுத்தும் கட்டுப்படவில்லை" என்பது விளங்கும்.

அப்புறம் சர்ஜன் கடிதம். பிஸியான சர்ஜன்கள் "உடல்பருமன், ஸ்லீவ் அறுவைக்கு ஆலோசனை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் திருப்பிக் கொண்டுபோய் நிற்பேன், திட்டும் வாங்குவேன். உயரம், எடை, பிஎம்ஐ, துணை நோயும் அதன் எண்களும், இதுவரை செய்த சிகிச்சை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஏன் இந்த அறுவை, எந்த மருத்துவ நெறிமுறைப்படி என்று ஐந்து விஷயமும் அந்தக் கடிதத்தில் வர வேண்டும். "தோற்றம்", "அழகு" மாதிரி ஒரு சொல் எங்கேயும் எட்டிப்பார்க்கக் கூடாது. ஓபி சீட்டில் ஜூனியர் டாக்டர் "கல்யாணத்துக்காக எடை குறைக்க விரும்புகிறார்" என்று எழுதிவைத்த ஒரு ஃபைல் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் காரணம் கேட்டால் முட்டியையும் மூச்சையும் சர்க்கரையையும் சொல்லுங்கள். கல்யாணத்தைப் பற்றி டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.

"ஒரு ரெண்டு கிலோ ஏத்திக்கிட்டு வரட்டா?"

என் கொழுந்தன் கேட்டது இது. பிஎம்ஐ 39ஐத் தாண்டி நின்றது. "அண்ணி, ஒரு வாரம் நல்லா சாப்பிட்டா நாப்பது வந்துடும்ல?" என்றார். அவருக்கு மட்டும் இல்லை, டெஸ்க்கில் வெட்கத்தோடு இதைக் கேட்பவர்கள் நிறையப் பேர். கேட்பதில் தப்பில்லை, விதி அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் செய்யக் கூடாது. அறுவைக்கு முன்னால் ஏறுகிற எடை கல்லீரலில் கொழுப்பாகப் போய் உட்காரும். வீங்கிய கல்லீரல் இரைப்பைக்கு மேல் கவிழ்ந்து கிடந்தால், லேப்ராஸ்கோப்பில் சர்ஜனுக்கு இடம் தெரியாது. மயக்க மருந்திலும் ஆபத்து கூடும். அதற்காகத்தான் அறுவைக்கு முன் ரெண்டு வாரம் போல, சர்ஜனைப் பொறுத்து, குறைந்த கலோரித் திரவ உணவு கொடுத்து எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

நியாயமான வழி ஒன்று உண்டு. கம்பெனிக்கு அனுப்பும் அளவை, அந்த ரெண்டு வார உணவைத் தொடங்கும் முன் எடுத்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள். பத்தியத்தில் மூன்று நான்கு கிலோ குறைந்த பிறகு எடுத்த எடை ஃபைலில் போனால், பத்தியம் இருந்ததற்கே தண்டனை கிடைத்துவிடும். கொழுந்தனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று அவர் மனைவி சொன்னதை நம்பாமல் இருந்தார். ஸ்லீப் ஸ்டடி செய்ததும் தீவிரம் என்று வந்தது. பழைய டயட்டீஷியன் தாள்களும் இருந்தன. 35 பிரிவில் போட்டோம்.

மறுத்துவிட்டால்

முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கை சொல்கிறது. கேள்வி கேட்டு அனுப்புவதும் ஒரு வகைப் பதில் என்பதைக் கம்பெனிகள் நன்றாகவே புரிந்துவைத்திருக்கின்றன. திட்டமிட்டுச் செய்கிற அறுவைதானே, அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். கேள்வி வந்தால் அன்றே பதில் போக வேண்டும்.

கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது) மறுப்பும் க்ளெய்ம் மறுப்பும் ஒன்று கிடையாது. கேஷ்லெஸ் மறுத்தாலும், பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கலாம். ஆனால் காரணம் பிஎம்ஐ அல்லது காத்திருப்புக் காலம் என்றால் அங்கேயும் அதே சுவர்தான் நிற்கும், கடன் வாங்கிக் கட்டும் முன் யோசியுங்கள். மறுப்புக் கடிதத்தில் எந்த விதியின் கீழ் என்று குறிப்பிட வேண்டும். கம்பெனியின் மறுஆய்வுக் குழு பார்க்காமல் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. விதி எண் இல்லாத கடிதம் வந்தால் அதைக் கேட்டே முதல் மெயில் போடுங்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா இணையதளத்திலும் பதியலாம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை எடுத்துக்கொள்வார்கள், கம்பெனியின் இறுதிப் பதில் வந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஆம்புட்ஸ்மேன் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். பத்தி பத்தியாக மனவேதனை எழுத வேண்டாம். பிஎம்ஐ இவ்வளவு, ஆதாரம் இந்தப் பக்கம்; துணை நோய் இது, ஆதாரம் இந்தப் பக்கம் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் வேலை நடக்கிறது.

கைப்பணம் போட்டுச் செய்பவர்கள்

தனியாரில் பேக்கேஜ் என்று சில லட்சம் சொல்வார்கள். அதில் ஸ்டேப்ளர் (இரைப்பையை வெட்டித் தைக்கும் கருவி) செலவு சேர்ந்ததா, ஐசியுவில் ஒரு நாள் கூடினால் எவ்வளவு, தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டு மறுபடி தியேட்டருக்குப் போனால் யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் காசு இல்லாததால் கைவிட்டவர்கள் அங்கே ஒரு முறை போய்க் கேட்காமல் விடக் கூடாது.

விலை குறைவு என்பதற்காகச் சின்ன மருத்துவமனைக்குப் போகாதீர்கள். 2024ல் சென்னைப் புறநகரில் ஓர் இளைஞர் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன இடத்தில் இறந்தார். அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் டெஸ்க்கில் போன் ஓயவில்லை. பயப்படுவது இயல்புதான். அந்தப் பயத்தைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள்: இதே கட்டடத்தில் ஐசியு உண்டா, ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, இந்த எடையைத் தாங்கும் ஆபரேஷன் மேசை உண்டா, இந்த சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை செய்கிறார்?

வீட்டுக்காரர்களைச் சமாளிப்பது பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. "வாயைக் கட்டினா போதாதா" என்று ஒரு பெரியம்மா எல்லா வீட்டிலும் இருப்பார். 18 வயது நிரம்பியவரின் சம்மதக் கையெழுத்தே சட்டப்படி போதும். ஆனால் கூட இருக்க ஓர் ஆள் இல்லாமல் மருத்துவமனைகள் சேர்க்க மாட்டார்கள். அந்த ஒருவரை மட்டும் டயட்டீஷியனிடம் முன்பே அழைத்து வாருங்கள். பெரியம்மா அப்படியே இருக்கட்டும்.

ஊசி போட்டால் ஆகாதா?

இப்போது வருகிறவர்களில் பாதிக் கேள்வி இதுதான். டிர்செபடைட் என்ற ஊசி மருந்து 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது. எடைக்கான செமாகுளூடைட் ஊசியான வீகோவி அதே வருஷம் ஜூனில். நல்ல மருந்துகள்தான். ஒரு பெரிய ஆய்வில் செமாகுளூடைட் 68 வாரத்தில் சராசரியாகச் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது. ஆனால் அதே ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் ரெண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை மாதிரி, தொடர்ந்து எடுக்க வேண்டியது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மௌஞ்சாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒன்று. மாதத்துக்குக் கூட்டினால் பல வீடுகளின் வாடகையைத் தாண்டும். வெளிநோயாளி மருந்து என்பதால் பெரும்பாலான பாலிசிகள் தராது. செமாகுளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். அதற்கப்புறம் உள்ளூர்க் கம்பெனிகளுக்கு வழி திறப்பதால் விலை இறங்கும். விலை இறங்கினால் போலியும் வரும். ஜிம்மிலும் பியூட்டி பார்லரிலும் விற்கிற ஊசியைத் தொடாதீர்கள், சீட்டு கொடுக்கும் டாக்டரும் பில் கொடுக்கும் கடையும் வேண்டும். அறுவைக்குப் பிறகு எடை திரும்ப ஏறுகிறவர்களுக்கும் இந்த ஊசியை டாக்டர்கள் தருகிறார்கள். ஒன்று எடுத்தால் இன்னொன்று கூடாது என்று எதுவும் இல்லை.

அறுவை முடிந்த பிறகு

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பைபாஸில் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலைத் திருப்பி இணைக்கிறார்கள். எதுவானாலும் முதல் சில வாரம் திரவம், அப்புறம் மசித்தது, அப்புறம் மென்மையானது. இந்த வரிசையைத் தாளில் தருவார்கள், குழப்பம் இல்லை. குழப்பம் வருவது குடிக்கும் விதத்தில்.

நாம் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துப் பழகியவர்கள். எச்சில் படக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பழக்கம். கொழுந்தன் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் நாள் மோரை அப்படித்தான் தூக்கினார். ரெண்டு மடக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காற்றும் மோரும் சேர்ந்து போக அங்கே இடம் இல்லை. அவருக்கென்று ஒரு சின்ன டம்ளர் ஒதுக்கி, வாய் வைத்து ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக் குடிக்கச் சொன்னோம். நாள் முழுக்க டம்ளர் கையில் இருந்தால்தான் ஒன்றரை லிட்டராவது உள்ளே போகும். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது. அரை மணி நேரம் விட்டுத்தான்.

தட்டில் முதலில் புரதம். தினம் 60 கிராமாவது என்று டயட்டீஷியன் சொல்வார். முட்டை, மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டமில்லை. சைவக்காரர்களுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், புரதம் ஒன்றும் இருக்காது. இட்லியைப் பாதியாக்கி, கெட்டிப் பருப்பு, பனீர், தயிர், மசித்த சுண்டல் என்று முன்னால் தள்ளுங்கள்; புரதப் பவுடரும் தேவைப்படும். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்காராதீர்கள், "இன்னும் ஒரு கரண்டி" என்று விடமாட்டார்கள். பைபாஸ் செய்தவர்கள் பாயசமும் ஜிகர்தண்டாவும் குடித்தால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு என்று படுக்க வேண்டிவரும். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு அது நிம்மதியாக உள்ளே போகும், அதுதான் அவர்களுக்கு ஆபத்து. எடை திரும்ப ஏறும் கதையில் முறுக்கும் மிக்சரும் ஐஸ்கிரீமும் இல்லாமல் இருக்காது, வயிற்றை நிறைக்காமலே உள்ளே போகிறவை அவை.

மாத்திரை ஆயுள் முழுக்க. பி12, இரும்பு, கால்சியம், டி, மல்டிவைட்டமின். இரும்பையும் கால்சியத்தையும் ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இரும்பு மாத்திரையோடு காபி, டீ வேண்டாம். மூன்றாம் மாதம் போல முடி கொட்டும், பெண்கள் அழுதுகொண்டே போன் செய்வார்கள். பெரும்பாலும் வேகமாக எடை குறைவதன் விளைவு, திரும்ப வளரும். ஆனாலும் இரும்பும் புரதமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் வயிற்றில் புண்ணாக்கும், முக்கியமாக பைபாஸில். மெடிக்கல் ஷாப்பில் அறுவை ஆனதைச் சொல்லிவிட்டே மாத்திரை கேளுங்கள்.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்தளவு அறுவை ஆன சில நாளிலேயே குறைக்க வேண்டி வரலாம். பழைய சீட்டில் உள்ளபடி இன்சுலினைப் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகும்போதே புதிய அளவை எழுதி வாங்குங்கள். பெண்களுக்கு எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடும். முதல் ஒன்று ஒன்றரை வருஷம் தள்ளிப்போடச் சொல்வார்கள், எந்தக் கருத்தடை என்று டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

முதல் வாரங்களில் காய்ச்சல், தணியாத வயிற்று வலி, மூச்சு வாங்குவது, இதயம் வேகமாக அடிப்பது, கெண்டைக்கால் வீக்கம், இதில் ஒன்று வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்க்காமல் அறுவை செய்த இடத்துக்கு உடனே போன். வாந்தி ரெண்டு மூன்று நாள் நிற்காவிட்டாலும் அப்படியே. பி1 சத்து வற்றிவிட்டால் நரம்பும் மூளையும் பாதிக்கும்.

ராமநாதபுரம், தேனியிலிருந்து வருகிறவர்கள் ஆறாவது மாதத்துக்குப் பிறகு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பஸ் செலவு, ஒரு நாள் கூலி, எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்ற நினைப்பு. சத்துக் குறைவு தெரிவது அதற்கப்புறம்தான். முதல் வருஷம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதம், பிறகு வருஷத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. உங்கள் ஊர் லேபிலேயே எடுத்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் பேசலாமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

இன்சூரன்ஸில் ஒரு பாக்கி: எடை குறைந்து தொங்கும் தோலை எடுக்கும் அறுவையை அழகுக்கானது என்று கம்பெனிகள் ஒதுக்கிவிடும். தோல் மடிப்பில் திரும்பத் திரும்பப் புண், பூஞ்சை என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் தோல் டாக்டரிடம் காட்டி, படத்தோடு சீட்டு வாங்கி வையுங்கள். வாதாட அதுவாவது இருக்கும். பாலிசியைப் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள், அறுவை ஆனவருக்குப் புதுப் பாலிசி கிடைப்பது சிரமம். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் ஆபரேஷன் நோட்ஸ் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த வகை பைபாஸ், குடலில் எவ்வளவு நீளம் விட்டார்கள் என்பது அதில்தான் இருக்கும். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வயிற்று வலியோடு போய் நிற்கும்போது அங்கே இருக்கும் சர்ஜன் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.